பிரீமாக் என்று யாரும் இல்லை

சேதுபதியின் பெயர் சேதுபதி என்பது அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. கழுத்தில் தொங்கும் அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘சேதுபதி முனியசாமி’ என்று இருந்தது. பின்னால் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று உலகமே நினைக்கும்போது நாம் மட்டும் என்ன செய்ய முடியும்? பிலிப்பைன்ஸ் நர்சுகள் ‘மிஸ்டர் முனி’ என்றார்கள். எகிப்து டாக்டர் ‘முனிசாமி, யல்லா’ என்று விரட்டுவார். முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேலங்காட்டு ஓரத்தில் நிம்மதியாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பா, மகன் புண்ணியத்தில் பர் துபாயில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏவல் வாங்கிக்கொண்டிருந்தார்.

முதலிரண்டு வருஷம் திருத்திப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். நமக்குப் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. இன்னாருடைய மகன் இன்னார் என்று தெரிந்துவிட்டால் ஆள் தெரிந்துபோயிற்று. அதற்கு மேல் இன்னொரு பெயர் எதற்கு என்பது அவன் கட்சி. ஒன்பது வருஷமாக அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்து உலகத்துப் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியும் அந்தக் கட்சியை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காக ஒரு மனிதர் விலை கொடுத்தார்.

இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை மத்தியானம். வெளியே வெயில் நெருப்பாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. கப்பல் பழுது பார்க்கும் யார்டிலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய உடம்பைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வேலை உடுப்பு, கிரீஸ் கறை, வெளுத்த முகம். மாரடைப்பு. டாக்டர்கள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட் வழக்கம்போலக் கம்பெனி அலமாரியில். லேபர் கார்டு, தங்கும் காம்ப்பில் கழற்றிப்போட்ட சட்டைப் பையில். கூட வந்தவர்களில் ஒருவன் வசீல், அவருடைய ஊர்க்காரன். நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்தவன்.

பேஷண்ட் பெயர் என்ன என்று சேதுபதி கேட்டான். மிக்கோலா பெத்ரோவிச் என்றான் வசீல். அப்பா பெயர்? பெத்ரோ என்றான், அதனால்தான் பெத்ரோவிச் என்று கையை ஆட்டி விளக்கினான். சேதுபதிக்குப் பரம திருப்தி. பரவாயில்லையே, வெள்ளைக்காரர்களிலும் நம்மைப் போல அப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்கிற ஜாதி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். முதல் பெயர்: மிக்கோலா. கடைசிப் பெயர்: பெத்ரோவிச். பிறந்த தேதி தெரியவில்லை. தெரியாதவர்களுக்கெல்லாம் போடுகிற ஜனவரி ஒன்றைப் போட்டான். மணிக்கட்டில் கட்டும் பட்டை அச்சாகி வந்தது. மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் படுக்கை.

அவர்களுடைய நாட்டில் பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுவதென்றால் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வார்களாம். வசீல் தன்னைவிட மூத்த மேஸ்திரியை யார்டில் தினமும் எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே இங்கேயும் சொல்லியிருக்கிறான். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருந்தது. அதைச் சேதுபதி கேட்கவில்லை. அவனுக்கு அது விட்டுப்போன மாதிரியே படவில்லை.

வசீல் அன்றைக்கே ஊருக்குப் போன் பண்ணி, மிக்கோலாவின் மகளுக்கு ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு பழுதான கப்பலோடு கடலுக்குள் போய்விட்டான். திரும்பிவர பதினைந்து நாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் குரல். லைனில் ஒரே இரைச்சல். பிரீமாக் என்று ஒரு பேஷண்ட் இருக்கிறாரா என்று கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள். சேதுபதி கடைசிப் பெயர்க் கட்டத்தில் தட்டிப் பார்த்தான். இல்லை. அவள் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். போனில் கேட்பவர்களிடம் கடைசிப் பெயரை மட்டும் வாங்கு, கதை கேட்டுக்கொண்டிருக்காதே என்று ரெக்கார்ட்ஸ் பிரிவு ரவிசங்கர் சாருடைய புது உத்தரவு. எதிரே பதினைந்து பேர் வரிசை. “சாரி மேடம், அந்தப் பேர்ல யாரும் இல்லை” என்று வைத்துவிட்டான். திங்கட்கிழமையும் அதே குரல், அதே பதில்.

அதே இரண்டு நாளும் மூன்றாம் மாடியிலிருந்து ஜெபகனி போன் பண்ணினாள். குளச்சல்காரி. அந்த வார்டில் பகல் டியூட்டி. பன்னிரண்டாம் படுக்கைக்காரர் கண் விழித்துவிட்டார், பட்டையில் மிக்கோலா பெத்ரோவிச் என்று இருக்கிறது, தனக்கு யாராவது போன் பண்ணினார்களா என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்கச் சொல்கிறார் என்றாள். சேதுபதி வந்த போன்களைக் குறிக்கும் புத்தகத்தைப் புரட்டி, ஒருத்தரும் பண்ணவில்லை என்றான். பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமையும் ஜெபகனி காலையிலேயே கேட்டுவிட்டாள், அதே பதில்தான். அன்று டியூட்டி முடிகிற நேரத்தில் அந்தப் பெண் மூன்றாவது தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. பிரீமாக் என்றாள். சாரி மேடம் என்றான். கப்பல் வேலை என்றாள். பெரிய ஆள் என்று சொல்லும்போதே லைன் அறுந்துபோயிற்று. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது சேதுபதியின் மனசில் ஒன்று தட்டியது. மூன்றாம் மாடியிலும் ஒரு யார்டுக்காரர் கிடக்கிறாரே, அவராயிருக்குமோ? பெயர்தான் வேறாயிற்றே. கராமாவுக்குப் போகும் ஸ்டாஃப் வேன் ஹார்ன் அடித்தது. ரூமில் அன்றைக்குச் சமையல் அவன் முறை. நாளைக்கு மேலே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டான்.

புதன்கிழமை விடிவதற்குள் மிக்கோலா பெத்ரோவிச் இறந்துபோனார்.

கம்பெனி ஆள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோதுதான் சேதுபதி அதைப் பார்த்தான். பிரீமாக், மிக்கோலா. அவள் எழுத்தெழுத்தாகச் சொன்ன அதே எழுத்துகள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேஷண்டின் பெயரை ஏற்றினான்.

மகள் சனிக்கிழமை வந்தாள். கம்பெனி விசிட் விசா எடுத்துக் கொடுத்திருந்தது. ஒரீசியா என்று பெயர். முப்பது வயதிருக்கும். உயரமானவள், அந்த வெயிலிலும் கறுப்பு முழுக்கைச் சட்டை. ஊரில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. இறப்புப் பதிவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றிருந்தால் சவப்பெட்டி விமானம் ஏறாது. திருத்த வேண்டும். போலீஸ், தூதரகம், டைப்பிங் சென்டர் என்று அலைய வேண்டும். உன் கை எழுதினது, நீயே கூடப் போய் முடித்துக் கொடு என்று ரவிசங்கர் சார் சேதுபதியின் தலையில் கட்டினார். வேறு யாராவது போகட்டும் சார் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. அவள் தங்குவதற்கு ஜெபகனி கராமாவில் தான் இருக்கும் நர்சுகளின் ஃபிளாட்டில் ஒரு கட்டில் ஒழித்துக் கொடுத்தாள்.

மூன்று தடவை ‘சாரி மேடம்’ என்ற குரல் தன்னுடையது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்து முதல் நாள் முழுக்கச் சேதுபதி கிசுகிசுவென்று பேசினான். தொண்டை சரியில்லை என்று வேறு சொன்னான். அவள் கைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். அதை வாயில் போட்டுக்கொள்ளவும் முடியாமல், எறியவும் முடியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

தூதரகம் அபுதாபியில். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்தப் பயணத்தில்தான் அவள் பேசினாள். அவனுடைய அட்டையைப் பார்த்து, முனியசாமி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். அது அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றான் சேதுபதி. அவளுக்கு ஆச்சரியம். எங்களுக்கும் அப்பா பெயர் உண்டு, நடுவில் நிற்கும், ஆனால் அது மரியாதைக்கு மட்டும்தான் என்றாள். அதை வைத்து ஒரு ஆளைத் தேட முடியுமா? ஊருக்கு நூறு பெத்ரோ இருக்கிறான் என்றாள். சேதுபதி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

பெயர்கள்தான் அவளுடைய பைத்தியம். தினீப்பர் ஆற்றுக்குக் கிழக்கே, கோதுமையும் சூரியகாந்தியும் விளைகிற பகுதி அவளுடையது. நம் ஊர் தாலுகா அளவு இருக்கும். அந்தத் தாலுகாவில் உள்ள குடும்பப் பெயர்களையெல்லாம் அப்பாவும் அவளுமாக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தார்களாம். நானூற்றுச் சொச்சம் பெயர், ஒரு தடித்த நோட்டு. கோவலென்கோ என்றால் கொல்லனின் மகன். ஹொன்சார் குயவன். மெல்னிக் மாவு மில்லுக்காரன். இதெல்லாம் சாதாரணம். பண்ணையார்களிடமிருந்து தப்பி ஓடினவர்கள் கொசாக்குகள் என்கிற குதிரைப்படைக்காரர்களின் பாளையத்தில் போய்ச் சேரும்போது பழைய பெயரை விட்டுவிடுவார்களாம். பாளையத்துக் கணக்குப்பிள்ளை ஆளைப் பார்த்து வாய்க்கு வந்ததை எழுதுவானாம். ஒருத்தனுக்கு ‘பீர் குடிக்காதே’ என்றே பெயர். ஒருத்தனுக்கு ‘வீடு அந்தப் பக்கம் இல்லை’. குடித்துவிட்டு வழி தவறினவனாயிருக்கும். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றைக்கும் டாக்டராகவும் வக்கீலாகவும் அதே பெயரோடு இருக்கிறார்கள். சேதுபதிக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

“உலகத்தில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கிளார்க் எழுதினதுதான் பெயர்” என்றாள்.

சேதுபதியின் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு பிரீமாக் பற்றிச் சொன்னாள். பெண் வீட்டோடு போய் இருந்துவிட்ட மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர். எங்கள் ஊரிலும் வீட்டோட மாப்பிள்ளை உண்டு, அவனுக்கு இருக்கிற மரியாதை நாய்க்குக் கிடையாது என்றான் சேதுபதி. அங்கேயும் அப்படித்தானாம். ஆனால் அப்பாவிடம் வேறொரு கதை இருந்தது. ஏதோ ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு வீட்டு ஆண்களெல்லாம் செத்துப்போக, வழிப்போக்கனாக வந்த ஒருவன் அந்த வீட்டில் இருந்த பெண்களையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு, போகிற வழியை விட்டு அங்கேயே தங்கி அவர்கள் நிலத்தை உழுதான். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டது அதற்கு ரொம்ப நாள் பிற்பாடு. ஊர் அவனை பிரீமாக் என்று கேலி பண்ணியது. பெயரெழுத வந்தவனிடம் அவனே, அப்படியே எழுது, எனக்கு வெட்கமில்லை என்றானாம். இந்தக் கதையை அப்பா எல்லோரிடமும் சொல்வார். நோட்டில் அதைத்தான் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

“அதை நான் அடித்துவிட்டேன்” என்றாள் ஒரீசியா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்தபோது அப்பா வரவில்லை. கம்பெனி பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்று எழுதினார். அவள் நம்பவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள். போன இடத்தில் ஒட்டிக்கொள்கிற புத்தி உன் பெயரிலேயே இருக்கிறது, துபாய்தான் உனக்குப் பெண் கொடுத்த வீடு, அங்கேயே இரு என்று. அதற்குப் பிறகு அவர் போன் பண்ணினால் எடுத்து உடனே வைத்துவிடுவாள். கடிதங்களைத் திருப்பி அனுப்பினாள். வசீல் தகவல் சொன்ன அன்றுதான் அவளுக்கு உலகம் ஆடிப்போயிற்று. மறுநாளிலிருந்து தபாலாபீசில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். பிரீமாக் என்று யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“இப்போதுதான் புரிகிறது” என்றாள். அவர் தன் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் அந்தப் பெயரைக் கொண்டு காறித் துப்பியதால், சாகும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பெத்ரோ மகனாகப் படுத்துக்கொண்டார். போனில் பேசின ஆள் மூன்று தடவையும் சாரி சாரி என்றான், பாவம், அவன் என்ன செய்வான், அப்பாதான் ஒளிந்துகொண்டாரே என்றாள்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் அவனும் மனுஷன். சொன்னா வெட்கம், அழுதா துக்கம். “பசிக்குதா மேடம்?” என்று கேட்டான் சேதுபதி. அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் சேதுபதிக்கு நரகம். அவள் தினமும் பிணவறையில் பத்து நிமிஷம் அனுமதி வாங்கி உள்ளே போவாள். கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு அவளுடைய பேச்சு கேட்கும். பாஷை புரியாவிட்டாலும் திட்டுவது புரியாமல் போகுமா? அதட்டலாக, விடாமல், பதில் சொல்லாத ஆளிடம் சண்டை போடுகிற மாதிரி பேசுவாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.

ஜெபகனிக்கு எல்லாம் தெரியும். போனில் ‘ஒருத்தரும் பண்ணலை’ என்ற பதிலை வாங்கினவளே அவள்தானே. இரண்டாவது நாளே மாடிப்படியில் அவனை மறித்தாள்.

“அண்ணே, அந்தப் பிள்ளை, அப்பா என்னைய கேட்டாரான்னு தெனமும் கேக்கா. வாயத் தெறக்க முடியாம நிக்கேன். நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?”

“ரெண்டு நாள் பொறு தங்கச்சி. பெட்டி ஏறட்டும். அப்புறம் சொல்லிடுறேன்.”

“பெட்டி ஏறுன பெறவு சொல்லி ஆருக்கு?”

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் வேனில் எதிர் எதிரே உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை எல்லாக் காகிதமும் வந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. தவறான பெயர் எப்படிப் பதிவானது என்று பதிந்தவன் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்தேன், திருத்தத்துக்குச் சம்மதம் என்று கீழே வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். ரவிசங்கர் சார் கதவைச் சாத்திவிட்டு யோசனை சொன்னார். “கூட்டிட்டு வந்தவன் தப்பாச் சொல்லிட்டான்னு எழுதிடுங்க சேதுபதி. கலாஸ், விஷயம் முடிஞ்சுது. அவன் கடல்ல இருக்கான், வந்து கேக்கவா போறான்? உங்க வேலைக்கும் நல்லது, எனக்கும் நல்லது.” சேதுபதிக்கு ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். அப்படியே எழுதினான்.

பிற்பகல் மூன்று மணிக்கு ரெக்கார்ட்ஸ் அறையில் ஒரீசியா வந்து உட்கார்ந்தாள். இறந்தவருடைய சாமான்களை ஒப்படைப்பதற்காக ஜெபகனியும் வந்திருந்தாள். ஒரு கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, வேலை உடுப்பு. ஒரீசியா அந்தப் பக்கத்தைப் படித்தாள். டீச்சர் அல்லவா, பேனாவால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே படித்தாள். பிறகு, இது சரியில்லை, வசீல் மேல் பழி போடாதீர்கள், அப்பா சொல்லச் சொன்னதைத்தான் அவன் சொல்லியிருப்பான் என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். விமானத்துக்காக என்றாள்.

அப்புறம் சேதுபதியிடம் அவனுடைய மொபைலைக் கேட்டாள். ஊரில் கல்லறைக்குச் சிலுவை செய்கிற தச்சன் பெயருக்காகக் காத்திருக்கிறானாம். மிக்கோலா பெத்ரோவிச் என்று மட்டும் செதுக்கினால் போதும், பிரீமாக் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள். அது அவருடைய கடைசி விருப்பம். உயிரோடிருக்கும்போது அவர் பேச்சைக் கேட்கவில்லை, இதையாவது கேட்கிறேன் என்றாள். காலிங் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்த ஆரம்பித்தாள்.

சேதுபதி அவள் கைமேல் கையை வைத்துத் தடுத்தான். ஒன்பது வருஷ துபாய் வாழ்க்கையில் ஒரு அந்நியப் பெண்ணை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

“போன் பண்ணாதீங்க மேடம். அவர் அப்படிச் சொல்லலை. அவர்கிட்ட யாரும் பேரே கேக்கலை. நான்தான் எழுதினேன்.”

ஒரு தடவை ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. வசீல் மரியாதையாகச் சொன்னதையும், எங்கள் ஊரில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தான் திருப்திப்பட்டுக்கொண்டதையும் சொன்னான். சாரி மேடம் என்று மூன்று தடவை சொன்ன குரல் தன்னுடையதுதான் என்றான். மூன்றாவது நாள் சந்தேகம் வந்தும் வேனில் ஏறிப்போனதைச் சொன்னான். எழுதின பக்கம் பொய் என்றான். ரவிசங்கர் சார் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஒரீசியா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை. முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

“அப்படியென்றால் அவர் அதை எறியவில்லை” என்றாள்.

“இல்லை மேடம்.”

“பிரீமாக்காகத்தான் செத்தார்.”

“ஆமா.”

அவள் கண்ணாடியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். ஆறு நாளில் முதல் தடவையாக அவள் தோள் தளர்ந்தது. சேதுபதி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நல்லவனாகவே போய்ச் சேரலாம். ஜெபகனி அவனைப் பார்த்தாள். சேதுபதி மிச்சத்தையும் சொன்னான். அதே மூன்று நாளும் உங்கள் அப்பா மேலேயிருந்து, மகள் போன் பண்ணினாளா என்று கேட்டார். அவருக்கும் நான் இல்லை என்றுதான் சொன்னேன்.

ஒரீசியா ஜெபகனியின் பக்கம் திரும்பினாள். இல்லை என்று சொன்னபோது அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

ஜெபகனி கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் அழுகையுமாகச் சொன்னாள். வசீல் சொல்லியிருப்பான், கூப்பிடுவாள் என்று முதல் நாள் சந்தோஷமாக இருந்தார். யாரும் கூப்பிடவில்லை என்றதும், வெளிநாட்டுக்குக் கூப்பிட ஊரில் தபாலாபீசுக்குத்தான் போக வேண்டும், மழை பெய்தால் லைன் போய்விடும் என்றார். நீங்களே பண்ணுங்கள், நான் நம்பர் போட்டுத் தருகிறேன் என்றாள் ஜெபகனி. வேண்டாம், நான் கூப்பிட்டால் வைத்துவிடுவாள், அவளாகக் கூப்பிட்டால்தான் பேசுவாள் என்றார். இரண்டாம் நாள், அறுவடை நேரம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வயலுக்குப் போயிருப்பாள் என்றார். மூன்றாம் நாளும் இல்லை என்றதும் ஜெபகனியின் கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் கீழே கேட்காதே, கீழே இருக்கிற மனுஷனுக்குத் தினமும் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்றார்.

அந்த மனிதர் சேதுபதியைப் பார்த்ததுகூட இல்லை.

ஒரீசியாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. வயிற்றில் அடிபட்டவர்கள் போடுகிற சத்தம். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்ட பக்கத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். வேறு எழுது என்றாள். சேதுபதி ஒரு புதுத் தாள் எடுத்து நடந்தது நடந்தபடி எழுதினான். ரவிசங்கர் சார் தடுக்கவில்லை. அவள் படித்தாள். இந்தத் தடவை பேனாவால் தொடவில்லை. அடியில் ஒரீசியா பிரீமாக் என்று முழுப் பெயரையும் எழுதினாள்.

“ஆறு நாள்” என்றாள், தலை நிமிராமல். “ஆறு நாளாக நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.”

சேதுபதி தலையைக் குனிந்துகொண்டான். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்தான். அதுகூட ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

அவள் மொபைலை எடுத்துத் தச்சனை அழைத்தாள். மணி போயிற்று. மறுமுனையில் ஒரு ஆண் குரல் எடுத்தது. இரண்டு வார்த்தை பேசினாள். மிக்கோலா என்றாள், பெத்ரோவிச் என்றாள். அதற்கு மேல் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், அந்த ஒரு வார்த்தை மட்டும் வெளியே வர மறுக்கிறது. கடிதத்தில் எவ்வளவு சுலபமாக எழுதிய வார்த்தை. மறுமுனைக்காரன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள். ஜெபகனி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

மேஜையில் கிடந்த மொபைலைச் சேதுபதி எடுத்தான். அவனுக்கு அந்தப் பாஷையில் ஒரே ஒரு சொல்தான் உருப்படியாகத் தெரியும்.

“பிரீமாக்” என்றான்.

அந்த ஆள் என்னவோ கேட்டான். சேதுபதி மறுபடியும் சொன்னான். அவள் தபாலாபீசில் நின்று சொன்னது போலவே, எழுத்தெழுத்தாகவும் சொன்னான். அங்கே பென்சிலைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்பது போல நிறுத்தியது. ஆமாம், அதுதான் என்று சேதுபதி தமிழில் சொன்னான்.

சனிக்கிழமை பெட்டி ஏறியது. சரக்கு வாசல் வரைக்கும் சேதுபதி கூடப் போய் எல்லாக் காகிதத்தையும் சரிபார்த்துக் கொடுத்தான். ஒரீசியா ஜெபகனியைக் கட்டிப்பிடித்து அழுதாள். சேதுபதியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?